பெரிய கோயிலை உட்கார வைக்காதீர்கள்: பழைய படங்களை மீட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய தமிழ்ப் படங்களைக் கேசட்டிலிருந்தும் டிவிடியிலிருந்தும் எடுத்து, சுத்தம் செய்து இணையத்தில் ஏற்றும் தம்பிகளுக்கு,

வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவன். போன வாரம் என் பேரன் நீங்கள் ஏற்றிய பாட்டு ஒன்றை டிவியில் போட்டுக் காட்டினான். கீறல் இல்லை, இரைச்சல் இல்லை, எல்லாம் பளிச். ஆனால் பின்னால் தெரிந்த தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. 216 அடி தம்பி அது! கதாநாயகிக்கு இரண்டு கன்னத்திலும் கொழுக்கட்டை.

பழைய டிவித் திரையின் அகலம்-உயரக் கணக்கு 4:3, இப்போதையது 16:9. கறுப்புப் பட்டை தெரியக்கூடாது என்று திரை நிறைய இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 1080 வரி உயரத்துக்கு 1440 புள்ளி அகலம்தான் கணக்கு. நீங்கள் 1920 வைத்திருக்கிறீர்கள். பக்கவாட்டில் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே.

எதிர்த் தப்பும் உண்டு. நம் ஊர் டிவி முறையான PAL-இல் வந்த டிவிடியில் ஒரு ஃப்ரேம் 720 புள்ளி அகலம், 576 வரி உயரம். அதன் புள்ளிகள் சதுரமல்ல. கணினியில் அப்படியே சதுரமாக வைத்தால் முகம் லேசாக ஒடுங்கும். அகலத்தை 768 ஆக்க வேண்டும். அகலத்தை மட்டும்தான். ஒற்றை வரியும் இரட்டை வரியும் பின்னிக் கிடக்கிற படத்தில், பின்னலைப் பிரிக்கும் முன் உயரத்தில் கைவைத்தால் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் படத்தோடு ஒட்டிக்கொள்ளுமாம். இது பேரன் சொல்லித் தெரிந்தது.

ஸ்கோப் படம், அதாவது அகலத்திரை சினிமாஸ்கோப் படம், எனக்குத் தெரிந்த விஷயம். ஃபிலிமிலேயே பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பதிந்திருக்கும்; ஸ்கோப் லென்ஸ் போட்டால்தான் விரியும். செய்திப்படத்தைச் சாதா லென்ஸில் ஓட்டிவிட்டு மாற்ற வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டேன். திரையில் எல்லாரும் ஒட்டடைக் குச்சியாக வந்து நின்றார்கள். தரை டிக்கெட்டிலிருந்து கிளம்பிய விசில் இன்னும் காதில் இருக்கிறது. உங்களுக்கு விசிலடிக்க ஆளில்லை, அதுதான் வித்தியாசம்.

அந்தப் படங்களைக் கேசட்டுக்கு மாற்றியவர்கள் பலர், டைட்டிலில் பெயர்கள் வெட்டுப்படாமலிருக்க அதை நெருக்கியே விட்டுவிட்டு, கதை தொடங்கியதும் இரண்டு ஓரத்தையும் வெட்டினார்கள். ஆக, ஒரே கேசட்டில் இரண்டு கணக்கு. டைட்டிலைப் பார்த்து வைத்த அளவைப் படம் முழுக்கப் போட்டால் எல்லாரும் தவளையாகிவிடுவார்கள். வெட்டிய ஓரமும் திரும்பி வராது. இன்னொன்று, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய தமிழ்ப் படத்தையும் ஸ்கோப்பாக விரிக்கிறவர்களை என்ன சொல்ல!

மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் படத்தில் வட்டம் தேடுங்கள். கேமராவுக்கு நேராக நிற்கும் வண்டிச் சக்கரம், சுவர்க் கடிகாரம், தஞ்சாவூர்த் தட்டு, ஏதாவது சிக்கும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். உயரம் 9 செ.மீ., அகலம் 12 செ.மீ. என்றால் இழுத்த படம். நாலைந்து இடத்தில் பாருங்கள். நிலாவை நம்பாதீர்கள், செட்டில் தொங்கும் நிலா எந்த வடிவத்திலும் இருக்கும்.

நிறமும் கூர்மையும் ஏற்றுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கேசட்டிலிருந்து எடுத்த முதல் பதிவை அழிக்க வேண்டாம். சரி, அந்தப் பெரிய கோயில் பாட்டை முதலில் திருத்தி ஏற்றுங்கள். பேரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பழைய ஆபரேட்டர் ஒருவன்,
மன்னார்குடி