விடைக்குறிப்பு போடுறவங்களுக்கு: அமிலத்தோட பிஹெச் 8 ஆகாதுங்க

வேதியியல் வினாத்தாள் எடுக்குற, விடைக்குறிப்பு எழுதுற குழுவுல இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

எந்தக் கேள்விய பத்தி பேசுறேன்னு உங்களுக்கே தெரியும். தேர்வு முடிஞ்சதுல இருந்து ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டேன், பதிலே இல்ல, அதனாலதான் இப்போ எல்லாரும் படிக்கிற மாதிரி எழுத வேண்டியதா போச்சு. 10⁻⁸ மோலார் (அதாவது லிட்டருக்கு 10⁻⁸ மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோட பிஹெச் என்னன்னு கேட்டிருந்தீங்க, குறிப்புல 8னு போட்டிருக்கீங்க. பிஹெச்ங்கறது ஹைட்ரஜன் அயனிச் செறிவோட மைனஸ் லாக், 25 டிகிரில 7 நடுநிலை, கீழ போனா அமிலம், மேல போனா காரம். என் வகுப்புல ஒரு பொண்ணு 6.98னு எழுதி ஜீரோ வாங்கிட்டு வந்து நிக்கிறா.

அவ விடைத்தாள நான் பார்த்தேன். அமிலத்துல இருந்து வர்ற ஹைட்ரஜன் அயனி 10⁻⁸ மோலார்தான், ஆனா 25 டிகிரில வெறும் தண்ணிலயே 10⁻⁷ மோலார் இருக்கு, அது பத்து மடங்கு ஜாஸ்தி, அத கணக்குல சேர்க்காம விடக்கூடாதுன்னு முதல்ல ஒரு வரி எழுதிருக்கா. அப்புறம் நீரோட அயனிப் பெருக்கம் (ஹைட்ரஜன் அயனி, ஹைட்ராக்சைடு அயனி ரெண்டோட செறிவையும் பெருக்குனா வர்றது) 10⁻¹⁴ங்கறத வச்சு இருபடிச் சமன்பாடு போட்டு, மொத்த ஹைட்ரஜன் அயனி 1.05 × 10⁻⁷னு கண்டுபிடிச்சு, லாக் போட்டு 6.98. அரைப் பக்கம் வந்திருக்கு, ஒரு படி கூட விட்டுப்போகல. அது மேல சிவப்பு மையில குறுக்க ஒரே கோடு.

திருத்துனவர நான் குறை சொல்லல. கட்டுக் கட்டா பேப்பர வச்சுக்கிட்டு குறிப்புல இருக்குறத பார்த்து மார்க் போடுறவர் அவர், குறிப்புல 8னு இருந்தா அவர் வேற என்ன பண்ணுவார்.

அந்தப் பொண்ணு அழல, சண்டையும் போடல. "சார், இனிமே இந்த மாதிரி வந்தா 8னே எழுதிடவா?"ன்னு கேட்டா. எனக்கு வாயே வரலங்க. எழுதும்மான்னு சொன்னா இத்தன நாள் நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் பொய்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி, எழுதாதன்னு சொன்னா அடுத்த தேர்வுலயும் அவளுக்கு அந்த மார்க் போகும். யோசிச்சு எழுதுன புள்ளைக்கு ஜீரோ, யோசிக்காம மைனஸ் லாக் 10⁻⁸ சமம் 8னு ஒரே வரில போட்டவனுக்கு முழு மார்க்.

பிஹெச் 8னா காரம். அமிலத்துல தண்ணி ஊத்தி ஊத்தி அத காரமாக்க முடியுமா? 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பிஹெச் 1. பத்து மடங்கு நீர்த்தா 2, இன்னொரு பத்து மடங்குக்கு 3, இப்படியே 6 வரைக்கும் சீரா ஏறும். அதுக்கப்புறம் தண்ணியோட சொந்த அயனிகள் முன்னாடி வந்துரும், பிஹெச் 7 பக்கத்துல ஊர்ந்து ஊர்ந்து போகுமே தவிர 25 டிகிரில 7ஐ தாண்டவே தாண்டாது. 1909ல டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் இந்த பிஹெச் அளவுகோல கொண்டு வந்ததே ரொம்பச் சின்ன செறிவுகள கையாள லேசா இருக்கட்டும்னுதான். அந்த எண்ணுக்குப் பின்னாடி ஒரு கரைசல் இருக்கு, அதுல அயனிகள் இருக்கு, அத மறந்துட்டு லாக் பட்டன மட்டும் அமுக்குனா 8தான் வரும்.

தயவுசெஞ்சு குறிப்ப திருத்துங்க, 6.98னு எழுதுன புள்ளைங்களுக்கு மார்க்க குடுங்க. தண்ணில இருக்குற 10⁻⁷ஐ அப்படியே கூட்டி 6.96னு எழுதுனவங்களுக்கும் ஒரு பங்கு குடுக்கலாம், அவங்களும் தண்ணிய மறக்கல.

இந்த ஒரு கேள்வியோட நின்னிருந்தா கூட பரவால்ல. லேப்ல காய்ச்சி வடிச்ச தண்ணிய திறந்து வச்சா காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு பிஹெச் 5.6 கிட்ட இறங்கிடும், புள்ள அளந்து பார்த்து அதயே எழுதுனா ரெக்கார்ட் நோட்டுல அடிச்சு 7னு மாத்தச் சொல்றாங்க. 60 டிகிரில தூய நீரோட பிஹெச் 6.5 தான், அப்பவும் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சமமா இருக்குறதால அது நடுநிலைதான், ஆனா சரியா தவறா கேள்வில அதுக்கு அமிலம்னு போட்டாதான் மார்க். தாங்கல் கரைசல் (கொஞ்சம் அமிலமோ காரமோ விட்டாலும் பிஹெச் பெருசா மாறாத கரைசல்) பாடம் இன்னும் மோசம், ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணி எண்ணப் போட்டு முடிச்சுடுறாங்க. 100 மில்லி தண்ணில 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி விட்டா பிஹெச் 7ல இருந்து 2க்கு விழும். அதே 1 மில்லிய, அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் 0.1 மோலார் இருக்குற 100 மில்லி கரைசல்ல விட்டா 4.76ல இருந்து 4.67தான். அத ஒரு தடவ கண்ணால பார்த்த புள்ள சாகுற வரைக்கும் மறக்காது. ரத்தத்தோட பிஹெச் 7.35க்கும் 7.45க்கும் நடுவுலயே நிக்கிறது எதனாலன்னு அப்போ நாம சொல்லாமலே அதுங்களே வந்து கேக்கும். என் வகுப்புல கேட்டிருக்குங்க.

சரி, எங்கயோ போயிட்டேன், கோவத்துல ஏதாச்சும் கூடுதலா வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க. உங்க வேலை எவ்ளோ அவசரத்துல நடக்குதுன்னு எனக்கும் தெரியும், ஒரு குறிப்புல தப்பு வர்றது யாருக்கும் நடக்கும். நான் கேக்குறது அந்த ஒரு வரிய மாத்துறதுதான். 8ங்கறத எடுத்துட்டு 6.98னு போடுங்க, மார்க் பட்டியல் இறுதியாகுறதுக்குள்ள திருத்துன குறிப்ப எல்லா மையத்துக்கும் அனுப்பி வைங்க. அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல, உங்க பதில் வந்தப்புறம் சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்