சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. செவ்வாய்க்கிழமை இரவு நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. யூன் மாதம் முதல் சனிக்கிழமை பிள்ளை உன்னோடு நிற்பாள் என்றும், அவளை மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறாய் என்றும், லண்டன் அல்பேர்ட்டனில் நாங்கள் வைத்திருந்த தூண்டில் தடி எத்தனை மீற்றர் என்றும் கேட்டிருந்தாய். தைப்பொங்கலுக்குப் பிறகு நீயாக அனுப்பிய செய்தி அதுதான். நான்கு மீற்றர் என்று உடனே பதில் போட்டேன். நன்றி என்று ஒரு சொல் வந்தது. தொலைபேசியில் விரலால் தட்டி எழுதும்போது எனக்கு எண்ணம் ஓடுவதில்லை, அதனால் மிச்சத்தைக் கடிதமாக எழுதுகிறேன். பிள்ளை அன்றைக்கு உன்னோடு நிற்பாள் என்று நீ எழுதியிருப்பதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் நீயே சொல்வாய்.

முதலில் இடம். ஆற்றுக்குப் போகாதே. மார்ச் 15 முதல் யூன் 15 வரை இங்கிலாந்து ஆறுகளில் ரோச், பேர்ச், பிரீம் போன்ற மீன்களைத் தூண்டில் போட்டுப் பிடிக்கத் தடை இருக்கிறது. அவை முட்டையிடும் காலம் அது, 16ஆம் திகதிதான் திறப்பார்கள். தடை இல்லாத நாளானாலும் ஆறு வேண்டாம் என்றுதான் சொல்வேன். வார்ஃப் ஆற்றின் மேற்பக்கத்து மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். பெரும்பாலான குளங்களுக்கும் கால்வாய்களுக்கும் அந்தத் தடை இல்லை. லீட்ஸிலிருந்து லிவர்பூல் வரை 127 மைல் ஓடும் கால்வாய் உன் ஊரிலேயே தொடங்குகிறது, நல்ல கால்வாய்தான். ஆனால் அதன் கரைப்பாதையில் சைக்கிள்கள் வேகமாக வரும், நீண்ட தடியைப் பின்னுக்கு இழுக்கும் ஒவ்வொரு தரமும் நீ திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் உன் கண் பிள்ளையில் இருக்காது. ஆகவே நாள் சீட்டு வாங்கிப் பிடிக்கக்கூடிய ஒரு சிறிய குளமாகப் பார். பலகை மேடை போட்டிருக்க வேண்டும், மலசலகூடம் இருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு மீனை விட மலசலகூடம் முக்கியம்.

மேடைப் பலகை ஈரமானால் வழுக்கும். அவளுக்கு மிதவை அங்கி வாங்கு, அவளுடைய நிறைக்கு ஏற்றதாக வாங்கு, "வளர்ந்தாலும் போடலாம்" என்று பெரிதாக வாங்காதே. அவளை உனக்கும் கரைக்கும் நடுவில் வை, உனக்கும் தண்ணீருக்கும் நடுவில் வைக்காதே. கட்டாயம் நினைவில் வை.

உரிமம் பற்றி. 13 வயதாகும் வரை அவளுக்கு உரிமம் தேவையில்லை. 13 முதல் 16 வரை எடுக்க வேண்டும், ஆனால் பணம் கட்டத் தேவையில்லை. உனக்குக் கட்டாயம் தேவை. பிள்ளைக்காகத்தானே என்று நீ ஒரு தரம் தூண்டிலை எறிந்தாலும் நீ மீன் பிடிப்பவன்தான். உரிமம் இல்லாமல் அகப்பட்டால் 2,500 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். ஒரு நாளுக்கு மட்டும் எடுக்கக்கூடிய உரிமமும் உண்டு, ஆனாலும் ஒரு வருடத்துக்கே எடுத்துவிடு. ஒரு நாளோடு நிற்காதே. குளத்துச் சீட்டு வேறு, உரிமம் வேறு, இரண்டும் வேண்டும். இதையெல்லாம் நீ அறிந்திருப்பாய், உன் வேலை அப்படிப்பட்டது, கடிதங்களில் ஒரு வரியும் தவறவிடாதவன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

பெட்டியை மேல் அலுமாரியிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். தடி நன்றாக இருக்கிறது, நுனித் துண்டில் மட்டும் ஒரு கீறல். தங்கூசி, அதுதான் தூண்டில் நூல், பழசாகி முறுகிவிட்டது, அதை எறிந்துவிட்டேன். நீ புதிதாகக் கட்டு. தடியின் நீளத்தை விட ஒரு சாண் குறைவாகத் தங்கூசியை விட்டால், மீன் மேலே வரும்போது அது நேராக அவள் கைக்கே வரும், உருளை சுற்றும் வேலை இல்லை. சிறு பிள்ளைக்கு உருளை வேண்டாம். தூண்டில் முள்ளு 18ஆம் இலக்கம், எதிர்முள் இல்லாததாக வாங்கு. மீனின் வாயிலிருந்தும் எளிதாகக் கழரும், பிள்ளையின் விரலிலிருந்தும் எளிதாகக் கழரும். கால்வாய்ப் பாலத்தடியில் எங்களுக்கு மீன் பிடிக்கப் பழக்கிய அந்த முதியவர் தந்த சின்னப் பேணியில் ஈயக்குண்டுகள் இருந்தன, அவற்றை நான் எடுத்துவிட்டேன். அன்னப்பறவைகள் அவற்றை விழுங்கி நஞ்சேறிச் செத்ததால், அந்த அளவு ஈயக்குண்டுகளை விற்பதை 1987இலேயே தடை செய்துவிட்டார்கள். அவர் வைத்திருந்தது அதற்கும் முந்தியது. ஈயமில்லாத குண்டுகள் தூண்டில் கடையில் கிடைக்கும். இன்னொன்று, இந்தத் தடி கார்பன், மின்சாரம் பாயும். மேலே மின்கம்பி போகும் இடமானால் அதிலிருந்து 30 மீற்றர் தள்ளித்தான் தடியை நீட்ட வேண்டும். குளத்துக்குப் போனதும் முதலில் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார், பிறகு தண்ணீரைப் பார்.

இரைக்கு ஈப்புழு வாங்கு, கடையில் பைன்ட் கணக்கில் தருவார்கள், அரைப் பைன்ட் போதும். பிள்ளை அருவருத்தால் வற்புறுத்தாதே. பேணிச் சோளமும் பாணும் கொண்டுபோ, ரோச் மீன் இரண்டையும் தின்னும். நீ ஆறு வயதில் முதல் நாளே உள்ளங்கையில் புழுக்களைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தாய், அவள் அப்படி இருக்க வேண்டும் என்றில்லை. அவள் கையால் ஒரு பிடி அல்ல, ஐந்தாறு புழு மட்டும், மிதப்புக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில், திரும்பத் திரும்பப் போடச் சொல். தாளிதத்துக்குக் கடுகு போடும் அளவுதான். ஒரேயடியாகக் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும். இந்த வேலையை அவளுக்கே கொடு. மீன் கடிக்காத நேரத்திலும் அவளுக்குச் செய்ய ஒன்று இருக்கும். புழுவைத் தொட்ட கையாலும் குளத்துத் தண்ணீர் பட்ட கையாலும் சாப்பிட விடாதே. எலியின் சிறுநீரால் வரும் வீல் நோய் குளத்து நீரிலும் தொற்றும். வீட்டிலிருந்து ஒரு போத்தல் நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுபோ. கையில் கீறல் இருந்தால் முதலே ஒட்டு.

ஆழத்தை அளக்காமல் மிதப்பைக் கட்டாதே. புழு அடியை மட்டுமட்டாகத் தொட வேண்டும், மிதப்பின் சிவப்பு நுனி ஒரு விரற்கடையை விடக் குறைவாகத்தான் வெளியே தெரிய வேண்டும். நுனி நடுங்கி, நின்று, மீண்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் ரோச். ஒரு சாய்வில் கீழே போனால் பேர்ச். மிதப்பு மேலெழும்பிப் படுத்துவிட்டால் அடியில் ரென்ச் மீனோ பிரீம் மீனோ இரையைத் தூக்கிவிட்டது. இதை அவளுக்கு முன்கூட்டியே பாடமாகச் சொல்லாதே. பார்த்து அவள் சொல்லட்டும், நீ ஆமோதி. பேர்ச் கடித்தால் மட்டும் தாமதிக்காதே, அது முள்ளை வயிறு வரை விழுங்கிவிடும்.

பேர்ச் பச்சை உடலில் கறுப்புக் கோடுகளோடு, வயிற்றுப் பக்கத்துச் சிவப்புச் செட்டைகளோடு அவள் கைக்கு வரும்போது அழகாக இருக்கும், அவள் உடனே பிடிக்கப் பார்ப்பாள். அதன் முதுகில் முன்பக்கத்துச் செட்டை முழுவதும் ஊசி. கையை முதலில் தண்ணீரில் நனைக்கச் சொல், பிறகு தலையிலிருந்து வால்பக்கமாக உள்ளங்கையால் தடவச் சொல். செட்டை படுத்துவிடும், குத்தாது. உலர்ந்த கையாலும் துணியாலும் பிடித்தால் மேலே இருக்கும் வழுவழுப்பு போய்விடும், அது போனால் மீனுக்குப் புண் வரும். உனக்கு நான் இதைச் சொல்லித் தந்தபோது நீ என் கையைத் தட்டிவிட்டு நீயே செய்தாய், ஒரு துளி இரத்தம் வரவில்லை. அந்த முதியவர் பார்த்துவிட்டு என்னிடம், இவன் கை பொறுமையான கை என்றார். அதை நான் உன் அப்பாவிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இரவு வேலை முடித்துவந்து அந்த ஒற்றை அறையில் பகலில் படுப்பவர், அவர் நித்திரை கொள்ளட்டும் என்றுதான் நாங்கள் இருவரும் கால்வாய்க்குப் போகத் தொடங்கினோம். போகப் போக அவர் எழும்பிய பிறகும் நீ வீட்டுக்கு வரமாட்டாய்.

மீனைத் திரும்ப விடுவதைப் பற்றி வீட்டிலேயே சொல்லிவிடு, குளத்தங்கரையில் சொல்லாதே. ஊரில் வவுனிக்குளத்தில் நானும் மாமாவும் பிடித்த யப்பான் மீனும் விராலும் அன்று இரவே குழம்பாகிவிடும். எனக்கே இங்கே பிடித்ததை விட்டுவிடுவது பழக நாளெடுத்தது. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் யாருக்காவது காட்டவேண்டும் என்று அழக்கூடும். படம் எடுத்து அனுப்பலாம் என்று சொல். யாருக்கு அனுப்பவேண்டும் என்று அவள் சொல்கிறாளோ அவருக்கு அனுப்பு. மறுக்காதே.

இன்னொன்றையும் எழுத வேண்டும். தங்கூசி சிக்குப்படும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் முதல் நாளில் சிக்குப்படாமல் இராது. உனக்குச் சிக்குப்பட்டால் நீ சொல்லமாட்டாய். தடியை நீட்டிப் பிடித்தபடி, மடியில் அந்தச் சிக்கை வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் இருப்பாய்; தண்ணீரில் மிதப்பு இல்லை என்பதைக் கண்டுதான் நான் எழும்பி வருவேன். அதற்குள் நீ இழுத்து இழுத்து அதை இறுக்கியிருப்பாய். உடனே காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் எடுத்திருக்கலாம். எனக்குக் கோபம் வராது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லமாட்டாய். இப்போது நீ முப்பத்தாறு வயது ஆள், உனக்கு நான் இதைச் சொல்லக்கூடாது. ஆனால் அவளுக்குச் சிக்குப்பட்டால் காட்டச் சொல். உனக்குச் சிக்குப்பட்டாலும் அவள் பார்க்கத்தக்கதாக, "எனக்கும் சிக்கிவிட்டது, பிடி" என்று அவளிடம் ஒரு நுனியைக் கொடு. பிரிக்க முடியாததை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டலாம், அதற்காகத்தான் தங்கூசி இருக்கிறது. வெட்டிய துண்டுகளைக் கரையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவா, பறவைகளின் காலில் சுற்றும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்காதே. அவள் சலித்துப்போய் வாத்துகளைப் பார்க்கத் தொடங்கினால் வாத்துகளைப் பார்க்க விடு, ஆனால் எட்டிப் பார்க்க விடாதே, மிதவை அங்கியைக் கழற்ற விடாதே. தொலைபேசியைப் பையில் வைத்துவிடு. வழக்கறிஞரின் அழைப்போ வேலையிடத்து அழைப்போ எதுவென்றாலும் இரண்டு மணித்தியாலம் பொறுக்கும், தண்ணீர் பொறுக்காது. நாற்காலி மூன்று கொண்டுபோ என்று எழுதவந்தேன். உனக்குத் தெரியும், தேவையான அளவு கொண்டுபோ. மருமகளுக்கு நான் வழமைபோல் வெள்ளிக்கிழமைகளில் செய்தி அனுப்புகிறேன், அவளும் பதில் போடுகிறாள். அதை நிறுத்தவேண்டும் என்றால் மட்டும் சொல்.

தடியை மடக்கினாலும் அது என் பயணப் பையை விட நீளம், தபாலில் நுனி முறிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் கிங்ஸ் குரொஸில் இருந்து ரயிலில் நானே கொண்டுவரலாம். குளத்துக்கு நான் வரவேண்டும் என்றில்லை, நீங்கள் இருவரும் போய்வாருங்கள், நான் வீட்டில் சமைத்து வைப்பேன். அது வசதியில்லை என்றால் தடியைத் தடித்த மட்டைக் குழாயில் வைத்து அனுப்புகிறேன், அதற்கு நான் ஒரு கிழமை முன்னமே தபாலகம் போக வேண்டும். எது என்று சொல். குளத்தின் அஞ்சல் குறியீட்டையும் அனுப்பு, மேலே கம்பி போகிறதா என்று நான் படத்தில் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா