மருத்துவ ஆய்வு வட்டம், கொழும்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, காப்பாளர்களே, அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டம் முதல் இன்றுவரை நமது வட்டம் செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். போயா விடுமுறை மாலைகளில் வெள்ளவத்தையில் கூடும் ஏற்பாடு இவ்வாண்டும் தொடர்ந்தது. கடும் மழையால் ஓர் அமர்வு மட்டும் பிற்போடப்பட்டது. சத்திரசிகிச்சை, மயக்கமருந்து, பொது மருத்துவம் என மூன்று துறையினரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து ஒரு நோயாளரைப் பற்றிப் பேசுகிறோம். இந்த வழக்கத்தை ஒருபோதும் கைவிடக்கூடாது என்பது என் வேண்டுகோள்.

அமர்வுகளில் என் மனத்தை விட்டு அகலாதது மயக்கமருந்து வைத்தியர் ஒருவர் முன்வைத்த விபரம். அவசர சிசேரியன். தசைகளைச் சிறிது நேரம் தளர்த்தும் சக்சமெத்தோனியம் என்ற மருந்தைக் கொடுத்துச் சுவாசக் குழாய் இட்டார்கள். பிள்ளை பிறந்து அழுதது. அந்த மருந்தின் வேலை ஐந்து, பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட வேண்டும். அடுத்த தசைத்தளர்த்தியைக் கொடுக்குமுன் முதல் மருந்து தெளிகிறதா என்று பார்ப்பது அவருடைய பழக்கம். நரம்பைத் தூண்டித் தசை அசைகிறதா என்று காட்டும் கருவியை மணிக்கட்டில் வைத்தார். பெருவிரல் அசையவில்லை. தையல் முடிந்த பிறகும் அசையவில்லை. தாயைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் செயற்கைச் சுவாசம் கொடுத்தார்கள். உடம்பு அசையாமல் கிடக்கையில் அறிவு மட்டும் தெளிந்துவிட்டால் அதைவிடக் கொடுமை வேறில்லை. ஆகவே தூக்க மருந்தை நிறுத்தவில்லை. நான்கு மணி நேரம் கழித்தே விரல் இலேசாகத் துடித்தது.

காரணம், அம்மருந்தைச் சிதைக்கும் கோலினெஸ்ரேஸ் நொதியத்தின் பரம்பரைக் குறைபாடு. அந்த நொதியம் இயல்பானதா என்று காட்ட 1957இல் கலோவும் ஜெனெஸ்ட்டும் வகுத்த டிபியூகெயின் எண் இன்றும் இதைக் கண்டறிய உதவுகிறது. சாதாரணமாக 80 அளவில் இருக்கும் அந்த எண், இரு பெற்றோரிடமிருந்தும் குறைபாட்டைப் பெற்றவரில் 20 அளவுக்கு இறங்கிவிடும். இந்தத் தாயின் பெற்றோர் சொந்த மச்சான் மச்சாள். கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. “டொக்டர், இது என்ர மற்றப் பிள்ளையளுக்கும் இருக்குமோ?” என்று அவரின் அம்மா வாட்டு வாசலில் நின்று கேட்டாராம்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகவே ஒரு கடிதம் எழுதினோம். “இவருக்குச் சக்சமெத்தோனியம், மிவகியூரியம் ஆகிய மருந்துகளைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் பல மணி நேரம் தானாக மூச்சுவிட முடியாது.” தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்டு, கிளினிக் கொப்பிக்குள் அடங்கும் அளவில் பிளாஸ்டிக் உறையிட்டுக் கொடுத்தோம். தங்கையின் இரத்தப் பரிசோதனையும் குறைபாட்டையே காட்டியது. அவருக்கு அதுவரை சத்திரசிகிச்சை எதுவும் நடந்ததில்லை. இப்போது இருவரிடமும் அந்தக் கடிதம் இருக்கிறது.

இதையொட்டி 1960இல் லான்செட் மருத்துவ இதழில் டென்பரோவும் லவலும் எழுதிய சிறு கடிதத்தையும் வாசித்தோம். மெல்பேர்ணில் கால் முறிந்த இளைஞர் ஒருவர், காலைவிட மயக்கமருந்துக்கே அதிகம் பயந்தார். ஈதர் என்ற மயக்கமருந்து கொடுத்தபின் உறவினர் பத்துப் பேர் இறந்ததாக அவர் சொன்னார். அந்தச் சொல்லைக் காதில் வாங்கியதால்தான் மயக்கமருந்தால் உடல் கொதிக்கும் பரம்பரைக் கேடு மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது.

மருத்துவப் பிரிவினர் மஞ்சள் அலரி நச்சைப் பற்றிய ஆய்வுகளை எடுத்துக்கொண்டனர். நம் நாட்டிலேயே நடந்து லான்செட்டில் வெளிவந்தவை என்பதால் விவாதம் சூடாகவே இருந்தது. 401 நோயாளரைக் கொண்டு 2003இல் வெளிவந்த ஆய்வு, நச்சை உறிஞ்சும் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இறப்புக் குறையும் என்றது. 2008இல் 4,600க்கு மேற்பட்டோரைக் கொண்ட பேராய்வு, பலவகை நஞ்சுகளையும் சேர்த்துப் பார்த்து, அப்படிப் பயன் இல்லை என்றது. இரண்டில் எதை நம்புவது என்று இளம் வைத்தியர்கள் கேட்டார்கள். முடிவை மட்டும் பாராமல், நோயாளர் எத்தனை மணி நேரம் பிந்தி வந்தார்கள், கரித்தூளை உண்மையில் எவ்வளவு குடித்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும் என்று மூத்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். நச்சை முறிக்கும் பிறபொருளெதிரி மருந்து பயன் தரும் என்று 2000இலேயே கொழும்பில் காட்டப்பட்டது. விலை காரணமாக அது பலருக்கும் எட்டாமற் போனது நெஞ்சை உறுத்துகிறது.

ஆய்வில் சேர்வோர் கையெழுத்திடும் சம்மதப் படிவங்களைத் திருத்தும் குழுவின் வேலையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். “இரட்டைக் குருட்டு ஆய்வு” என்ற சொல்லை வாசித்த முதியவர் ஒருவர், தன் கண்ணுக்கு ஏதும் நடக்குமோ என்று பயந்து கையெழுத்திடாமல் எழுந்து போனார். இப்போது, “எந்த மருந்து உங்களுக்குக் கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது” என்று எழுதியிருக்கிறோம். “மருந்துப்போலி” என்பது “மருந்துச்சத்து இல்லாத குளிசை” ஆயிற்று. மருத்துவ ஆய்வுக்கான அறநெறிகளைக் கூறும், 2024இல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனத்தைப் பின்பற்றி, “ஆய்வுக்குட்படுபவர்” என்பதை “ஆய்வில் பங்கேற்பவர்” என மாற்றினோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். அவருக்குப் பின் இவ்வளவு காலம் கழிந்தும் ஒரு படிவத்தைத் தமிழில் தெளிவாக எழுதத் திணறுகிறோம் என்பது எனக்கு வருத்தமே.

ஒரு தவறையும் பதியவேண்டும். குடற்கட்டி ஒன்றைப் பற்றிய அறிக்கையை இதழுக்கு அனுப்பத் தயாராக்கிய பின்பே, நோயாளரின் எழுத்துமூலச் சம்மதம் பெறப்படவில்லை என்பது தெரிந்தது. அவர் வீடு மாறிவிட்டார்; தேடியும் கிடைக்கவில்லை. படங்கள் நல்லவை, பெயரை மறைத்து அனுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். செயற்குழு மறுத்தது, அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. சரிபார்த்திருக்க வேண்டியவன் நான். இனி நோயாளர் வீடு திரும்புமுன்பே சம்மதம் பெறப்படும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா நிலுவையிலுள்ளோர் இன்றே செலுத்தி உதவவும். படிவங்களின் சிங்கள வடிவத்தை ஒப்புநோக்க இருவர் தேவைப்படுகிறார்கள். விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரவும்.

செயலாளர்