டயர் மாட்டிய ராக்கெட்

திருவொற்றியூர்
18.1.2026

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. காணும் பொங்கலுக்கு உன் அத்தை வீட்டில் எல்லாரும் வந்து போனார்கள், வீடு இன்னும் கரும்புச் சக்கையாகக் கிடக்கிறது. போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அம்மா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

12ஆம் தேதி நம் குடும்ப குரூப்பில் நீ போட்ட படத்தைப் பற்றித்தான். மெரினா கடற்கரையில் இடுப்பில் ரப்பர் டயர் மாட்டிக்கொண்டு நிற்கிற பி.எஸ்.எல்.வி. ராக்கெட். பக்கத்தில் சுண்டல்காரர். கீழே, "மூணாவது ஸ்டேஜுல முங்கு நீச்சல்." உன் சித்தப்பா பசங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று காலை 10.18க்கு நான் மாடியில்தான் நின்றேன். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் எழும்பியது, புகைக்கோடு தெரிந்தது, கைகூப்பினேன். இஸ்ரோவிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்புறம் கீழே ஓடிவந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். மூன்றாம் நிலை, அதாவது ராக்கெட்டில் மூன்றாவதாக எரிகிற அடுக்கு, ஓடுகிறபோது கட்டுப்பாட்டு அறையில் பேச்சு குறைந்தது. அந்த மௌனத்தை நாற்பது வருடம் கேட்டவன் நான். இஸ்ரோ தலைவர் நாராயணன் வந்து மைக்கைப் பிடிப்பதற்குள் அம்மாவிடம் "போச்சு" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நிலை முடிகிற நேரத்தில் ராக்கெட் தானாகவே உருளத் தொடங்கி, பாதை விலகிவிட்டது என்றார் அவர். பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கான இ.ஓ.எஸ்.-என்1 செயற்கைக்கோள், கூடவே மாணவர்களும் சின்னக் கம்பெனிகளும் செய்த 15 குட்டிச் செயற்கைக்கோள்கள், எல்லாம் போயிற்று.

போன மே 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 5.59க்குப் போன பி.எஸ்.எல்.வி. சி61க்கும் இதே மூன்றாம் நிலையில்தான் கோளாறு. எட்டு மாதத்தில் இரண்டாம் தடவை. நடுவில் டிசம்பர் 24ஆம் தேதி பெரிய ராக்கெட் எல்.வி.எம்.3 ஏறக்குறைய 6,100 கிலோ எடையுள்ள அமெரிக்கச் செயற்கைக்கோளைக் கொண்டுபோய் வைத்தது. அன்று இதே குரூப்பில் எத்தனை கொடி, எத்தனை சல்யூட்! "பாகுபலிடா" என்று நீயே போட்டாய். பத்தொன்பது நாளில் பாகுபலிக்கு டயர் மாட்டிவிட்டாய்.

கோபம் என்று நினைக்காதே. சொல்லப்போனால், இந்த ஜோக்கே எனக்குப் பழசு. 1979 ஆகஸ்ட் 10, காலை ஏழே முக்கால், எட்டு மணி இருக்கும், செயற்கைக்கோளை ஏவ நம் நாடு முதலில் செய்த ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3 முதல் முதலாகக் கிளம்பியது. எனக்கு வயது 22. ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. 17 டன் எடை, நாலு நிலை. முதல் நிலை நன்றாகப் போனது. இரண்டாம் நிலையில் கட்டுப்பாடு இழந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் கொஞ்ச நேரம் தத்தளித்து, வங்கக் கடலில் விழுந்தது. அன்று சாயங்காலம் ஏவுதளத்துக்குப் பக்கத்து ஊரான சூலூர்ப்பேட்டை டீக்கடையில் யாரோ ஒருவர் எஸ்.எல்.வி. என்றால் "சீ லவ்விங் வெஹிக்கிள்" என்றார். கடலைக் காதலிக்கிற வண்டியாம். கடை முழுக்கச் சிரிப்பு. யூனிஃபார்மோடு நின்ற நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? டீக்குக் காசு கொடுத்தபோது கடைக்காரர் வாங்கவில்லை. அது இரக்கமா கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

"சாப்பாட்டுக்கே வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு" என்ற கேள்வியும் அப்போது பலமாக இருந்தது. பேப்பரில் எழுதினார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள். உன் தாத்தா ஊரிலிருந்து கடிதம் போட்டார்: "விழுந்துவிட்டதாமே, வேலை இருக்குமா?"

அந்த நாளைப் பற்றிய கதை உனக்கும் தெரியும். மாதம் ஒரு தடவையாவது யாராவது ஃபார்வர்டு செய்கிறார்கள். அப்துல் கலாம்தான் திட்ட இயக்குநர். கவுண்ட்டவுனின் கடைசி நிமிடங்களில் கம்ப்யூட்டர் "ஏவாதே" என்று நிறுத்தியது. கூட இருந்த நிபுணர்கள் பரவாயில்லை என்றதால் அவர் அதை மீறி ஏவச் சொன்னார். தோற்றதும், அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகைக்காரர்கள் முன்னால் தானே போய் உட்கார்ந்து, என் ஆட்கள் அடுத்த தடவை ஜெயிப்பார்கள் என்று பொறுப்பைத் தன் தலையில் ஏற்றார். 1980 ஜூலை 18ஆம் தேதி ஜெயித்தபோது கலாமைப் போய்ப் பேசச் சொன்னார். கலாம் ஐயா இதை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ஃபார்வர்டு செய்கிறவர்கள் எல்லாரும் இதைத் "தலைவன் என்றால் இப்படி இருக்கணும்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. தவான் அன்றைக்கே போய் உட்கார்ந்தார். கேட்கிறவர்கள் கேட்டார்கள், காசைக் கடலில் கொட்டினீர்களே என்றுகூடக் கேட்டார்கள். அப்புறம் காரணமும் வெளியே வந்தது: ஒரு வால்வில் தூசி சிக்கிச் சரியாக மூடாமல், இரண்டாம் நிலையைத் திருப்புவதற்கான நைட்ரிக் அமிலம் கசிந்து போயிருந்தது. ஒரு தூசி! அதைக் கேட்டபோது எங்கள் பட்டறையில் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் நான் ஒரு நாளும் கை துடைக்காமல் ஸ்பானரைத் தொட்டதில்லை. உன் அம்மா இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்வாள், சாம்பார் கரண்டியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கிறார் என்று.

1987 மார்ச்சில் அடுத்த ராக்கெட்டான ஏ.எஸ்.எல்.வி. விழுந்தது, 1988 ஜூலையில் மறுபடியும் விழுந்தது. அப்போது நீ கைக்குழந்தை. உனக்கு ஞாபகம் இருக்க வேண்டியது 1993தான்.

செப்டம்பர் 20, திங்கட்கிழமை. பி.எஸ்.எல்.வி. முதல் தடவை கிளம்புகிறது. உங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தில் நிறுத்திப் பார்க்க வைத்தார்கள். எழும்பினது அழகாகத்தான் எழும்பியது, நீங்கள் எல்லாரும் கத்திக் கூத்தாடினீர்கள். ஆனால் இரண்டாம் நிலை பிரியும்போது ராக்கெட் தடுமாறியது. அதைச் சரிசெய்ய வேண்டிய மென்பொருளில் ஒரு எண் எல்லை மீறிப் போனதில் சரிசெய்ய முடியாமல் போனது. உன் தொழிலில் இதற்கு ஓவர்ஃப்ளோ என்பீர்களே, அதேதான். மூன்று வருடம் கழித்து ஐரோப்பாக்காரர்களின் ஏரியான் 5 முதல் பயணத்தில் 40 விநாடிக்குள் சிதறியதும் இதுபோல ஓர் எண் கொள்ளாமல் வழிந்ததால்தான். அதைப் படித்தபோது, கடவுளே மன்னிக்கட்டும், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அன்று சாயங்காலம் நீ சட்டைப் பட்டன் பிய்ந்து வந்தாய். வகுப்பில் ஒரு பையன், "உங்கப்பா ராக்கெட் தண்ணியில விழுந்துடுச்சு" என்றிருக்கிறான். நீ அவனை அடித்துவிட்டாய். எதற்குடா அடித்தாய், என்ன சொன்னாய் என்று அம்மா கேட்டபோது நீ சொன்னாய்: "அது எங்கப்பா ராக்கெட் இல்லை, எங்கப்பா வெறும் போல்ட்தான் முடுக்குவார்னு சொன்னேன்." என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாய், ஏழு வயது. நான் திண்ணையில் ஷூ கழற்றிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

டயர் மாட்டிய படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பட்டன்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் போனைக் கவிழ்த்தேன்.

சரி, அன்று இரவு நீ எனக்குத் தனியாக அனுப்பியதற்கு வருகிறேன். "இங்கே டெக்சாஸில் ஸ்டார்ஷிப் வெடிச்சாலும் கைதட்டுறாங்கப்பா. நம்ம ஊர்ல மட்டும்தான் ஒண்ணு அழுவாங்க, இல்லே திட்டுவாங்க." அந்த ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி ராக்கெட் 2023 ஏப்ரல் 20ஆம் தேதி போனதை நானும் பார்த்தேன். நாலு நிமிடம் போய்ச் சிதறியது, கம்பெனி ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். இது சோதனை, வெடித்தாலும் வெடிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்தார்கள், சரி. ஆனால் அன்று ஏவுதளத்தின் கான்கிரீட் பெயர்ந்து பறந்ததில் போர்ட் இசபெல் என்ற ஊரில் வீடு, கார் எல்லாம் புழுதி. அந்த ஊர்க்காரர்களும் கைதட்டினார்களா என்று விசாரித்துச் சொல்லு, உனக்குக் கிட்டத்தில்தானே.

அமெரிக்காக்காரர்கள் எப்போதும் இப்படிக் கைதட்டினவர்களும் இல்லை. ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விட்ட பிறகு, 1957 டிசம்பர் 6ஆம் தேதி இவர்கள் வான்கார்டு என்று ஒரு ராக்கெட்டை டி.வி. முன்னால் விட்டார்கள். நாலடி உயரம் எழும்பி, உட்கார்ந்து, வெடித்தது. மேலே இருந்த சின்னச் செயற்கைக்கோள் தூரப் போய் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே 'பீப் பீப்' என்று சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. யாராவது போய் அதைச் சுட்டுத் தொலைக்கக் கூடாதா என்று ஒரு அம்மா பத்திரிகையில் எழுதினார். "ஃப்ளாப்னிக்", "கபுட்னிக்" என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. பின்தங்கிய நாடுகளுக்கான உதவி வேண்டுமா என்று ரஷ்யாக்காரர்கள் ஐ.நா.வில் கேட்டார்கள். நம் டீக்கடைக்காரர்கள் எவ்வளவோ தேவலை. நசுங்கிய அந்த உருண்டையைக் குப்பையில் போடாமல், இன்று மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் நம்முடையதிலும் அப்படி ஒன்று நடந்தது, கவனித்தாயா? கூடப் போனதில் ஸ்பெயின்காரர்களின் ஒரு குட்டிக் கலம், ராக்கெட் பாதை தவறிய பிறகும் எப்படியோ பிரிந்து, விழுகிற வழியில் தகவல் அனுப்பியிருக்கிறது. படித்ததும் என் கண் கலங்கிவிட்டது. வயதாகிவிட்டது போலிருக்கிறது.

கைதட்டுகிறவர்களும் எப்போதும் தெரிந்து தட்டுவதில்லை. 2010 கிறிஸ்துமஸ் அன்று ஜி.எஸ்.எல்.வி. கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் உடைந்து நெருப்பாக விரிந்தது. அதைப் பார்த்து எதிர்வீட்டு மாடியில் குழந்தைகள் கைதட்டினார்களாம், பட்டாசு மாதிரி இருந்ததாம். நான் வேலையில் இருந்தேன், அம்மா சொன்னாள். இன்னொரு பக்கம் பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு ராக்கெட் போனாலும் ஒன்றுதான், விழுந்தாலும் ஒன்றுதான். ஏவுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்பார்கள், அன்றைய வருமானம் போச்சு. இந்த 12ஆம் தேதியும் "மறுபடி விடுவாங்களா, மறுபடி மூடுவாங்களா?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஏவுவதற்கு முன்னால் இஸ்ரோக்காரர்கள் சூலூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்கும் திருப்பதிக்கும் போய்க் கும்பிட்டுமா விழுந்தது என்று சிரிக்கிறார்கள் பார், அதெல்லாம் எனக்கு வலிக்கவே இல்லை. அம்மன் என்ன மூன்றாம் நிலை மோட்டாரைச் சோதித்துச் சான்றிதழா கொடுக்கிறாள்?

வலிப்பது ஒன்றுதான். மே மாதம் சி61 விழுந்ததும் குழு அமைத்தார்கள், அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கை இன்றுவரை வெளியே வரவில்லை. அதே மூன்றாம் நிலை மறுபடி காலை வாரிவிட்டது. ஒரே காரணமா, வேறு வேறா? எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. 1979இல் தூசி என்று எங்களுக்குச் சொன்னார்கள், ஒரு ஃபிட்டர் தன் கையைத் துடைத்துக்கொண்டான். இப்போது யார் எதைத் துடைப்பது? இதை என் பழைய ஆட்கள் குரூப்பில் கேட்டேன். "இந்த நேரத்தில் இப்படிக் கேட்கலாமா, தேசத்தோடு நிற்க வேண்டாமா" என்று இரண்டு பேர் பாய்ந்தார்கள். நாற்பது வருடம் அங்கே நின்ற காலுடா இது.

நீ சிரி, வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்த கையோடு அறிக்கை எங்கே என்றும் ஒரு வரி போட்டிருந்தால் நான் அதற்குக் கீழே கட்டைவிரல் தூக்கியிருப்பேன். "நான் வரி கட்டாத நாடுப்பா" என்பாய். உன் படிப்புக்குக் கொடுத்த என் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

கடைசியாக ஒன்று. மனசு ஆறின பிறகு அந்தப் படத்தை என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு அனுப்பினேன். அவர் கடைசி வரை ராக்கெட் இணைக்கும் கட்டடத்திலேயே இருந்தவர். திட்டுவார் என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் போன் செய்தார். "படத்துல ராக்கெட்டைச் சுத்தி ஒட்டின மாதிரி ஆறு பூஸ்டர் வரைஞ்சிருக்கான் பாரு. 12ஆம் தேதி போனதுக்கு ரெண்டுதான். ஆறு மாட்டினது சி61. மே மாசத்துப் படத்தையே தேதி மாத்தி விட்டுட்டாங்கய்யா" என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், ஆறுதான்.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், உன் நண்பர் யாராவது பிப்ரவரியில் வந்தால் சொல்லு, கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா