நீ மனப்பாடம் செய்து வைத்திருக்கும் 77

கோத்தகிரி,
ஏப்ரல் 2025

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று இரவு தொலைபேசியில் நீ மறுபடியும் "77 அம்மா, நூற்றுக்கு 77 பேர்" என்று சொன்னபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் பேச்சை மாற்றி, இங்கே மழை வரும் போலிருக்கிறது என்றேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நவம்பரில், என் நுரையீரல் புற்றுக்கான அறுவைக்கு முன்பு, இந்த நிலையில் நூற்றுக்கு 77 பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருப்பார்கள் என்று மருத்துவர் சொன்ன அந்த எண்ணை நீ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய். டிசம்பரிலேயே அது எனக்குரிய எண்ணாக இல்லாமல் போய்விட்டது, அதை நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நானும் கணக்கை முடிக்காமல் விட்டுவிடுவேன். ஆகவே எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு கூப்பிடு.

புற்று எவ்வளவு வளர்ந்து பரவியிருக்கிறது என்று நிலை குறிப்பது இரண்டு தடவை நடக்கிறது. முதல் தடவை சி.டி., பெட் ஸ்கேன் படங்களைப் பார்த்துக் குறிப்பது. என் வலது நுரையீரலின் மேல் மடலில் 2.6 செ.மீ. கட்டி, நிணநீர் முடிச்சுகளில் எதுவும் தெரியவில்லை, ஆகவே நிலை 1ஏ3 என்றார்கள். உலக அளவில் பயன்படுத்தப்படும் நிலை அட்டவணையின் 8-ஆம் பதிப்பில் அந்த நிலைக்கு ஐந்தாண்டு உயிர்வாழ்வு 77 விழுக்காடு. நீ மனப்பாடம் செய்தது அதைத்தான். இரண்டாம் தடவை, வெட்டி எடுத்த மடலையும் முடிச்சுகளையும் நுண்ணோக்கியில் பார்த்துக் குறிப்பது. படத்தில் தெரியாதது அங்கே தெரிந்துவிடும். பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில் "எடுக்கப்பட்ட முடிச்சுகள் 14, நோய் கண்டவை 1" என்று இருந்தது. மூச்சுக்குழல் நுரையீரலுக்குள் நுழையும் இடத்தருகே இருந்த ஒரே ஒரு முடிச்சு. அந்த ஒன்றினால் நிலை 1ஏ3 போய் 2பி ஆனது. அறுவைக்குப் பின் குறிக்கும் 2பி-க்கு அதே பதிப்பு தரும் எண் 56.

அந்தத் தாளை மருத்துவமனை வராந்தாவில் நின்றே வாசித்தேன். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு மதிப்பெண் எங்கே இருக்கும் என்று தேட வேண்டியதில்லை, கண் நேராக அங்கேதான் போய் நின்றது. அப்பா மருந்துக் கடையிலிருந்து திரும்பி வருவதற்குள் இரண்டு முறை வாசித்துவிட்டேன். வறட்டு இருமலுக்கு முதலில் காட்டிய இடத்தில், சளியில் கிருமி தென்படாமலேயே காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் தவறாமல் விழுங்கினேன். அந்த நான்கு மாதத்தில்தான் அது முடிச்சுக்குப் போனதா என்று அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தக் கேள்வி இன்னும் சில இரவுகளில் வந்து நிற்கிறது, ஆனால் பழையபடி விடியும்வரை நிற்பதில்லை.

இப்போது 56 என்ற எண்ணைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேள். 8-ஆம் பதிப்புக்காகச் சேர்த்த விவரங்கள் 16 நாடுகளைச் சேர்ந்த 94,708 நோயாளிகளுடையவை. அவர்கள் எல்லோருக்கும் 1999-க்கும் 2010-க்கும் இடையே நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் சிலரைப் பற்றிய தகவல் இடையில் நின்றுபோயிருக்கும், சிலருக்கு ஐந்தாண்டு நிறைந்திருக்காது. அப்படிப்பட்டவர்களை என்ன செய்வது என்பதற்கு கப்லன், மேயர் என்ற இருவர் 1958-இல் ஒரு முறை எழுதினார்கள். வருடத்தின் நடுவே டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போன பிள்ளையைத் தேறியவன் என்றும் எழுத மாட்டோம், தவறியவன் என்றும் எழுத மாட்டோம். அவன் வகுப்பில் இருந்த நாள்வரை வருகைப் பதிவேட்டில் அவனை எண்ணுவோம், அதன் பிறகு எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடுவோம். அதே நியாயம்தான். அந்த முறையில் வரையும், படிப்படியாக இறங்கும் கோடு நேர்மையான கணக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு வகுப்பின் தேர்ச்சி விழுக்காடு. எந்தப் பிள்ளை தேறுவாள் என்பதை அது ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொன்றும் பார். இந்த ஆண்டு ஜனவரியிலிருந்து 9-ஆம் பதிப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் என்னைப் போலச் சிறிய கட்டியும் அருகிலுள்ள முடிச்சும் கொண்டவர்களை 2பி-யிலிருந்து 2ஏ-வுக்கு மாற்றிவிட்டார்கள், ஏனெனில் புதிதாகச் சேர்ந்த விவரங்களில் அவர்கள் மற்ற 2பி-க்காரர்களைவிட நன்றாக இருந்திருக்கிறார்கள். என் உடம்பில் ஒரு அணுவும் மாறாமல், புத்தாண்டு பிறந்ததும் என் நிலையின் பெயர் மாறிவிட்டது. அதற்காக நான் மகிழவில்லை. நிலையின் பெயரைக் கட்டிக்கொண்டு அழவும் கூடாது என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

அட்டவணையில் கட்டியின் அளவும் முடிச்சும் பரவலும்தான் உண்டு. என் கட்டியின் திசுவில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது அதில் இல்லை. புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறதாம். (சிகரெட்டைத் தொடாதவளுக்கு எப்படி வந்தது என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். பாட்டி வீட்டு விறகடுப்புப் புகையில் நான் வளர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.) ஜனவரி முதல் போட்ட நான்கு சுற்று ஊசியை முன்னெச்சரிக்கை என்று உன்னிடம் சொன்னோம், அது முழுக் கீமோதெரபி. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அது ஐந்தாண்டு உயிர்வாழ்வை நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் உயர்த்துகிறது. அந்த ஐந்து பேருக்காக வாந்தியைப் பொறுத்துக்கொண்டேன். இப்போது அந்த மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரை, தினம் ஒன்று, மூன்று ஆண்டுக்கு. அதைச் சோதித்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. இந்த மரபணு மாற்றத்தோடு 2, 3ஏ நிலைகளில் இருந்தவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் மாத்திரை எடுத்தோரில் 85 விழுக்காடு, வெற்று மாத்திரை எடுத்தோரில் 73 விழுக்காடு. மாத்திரை எடுக்காதவர்களே 73 என்றால் எனக்குச் சொன்ன 56 எங்கே போயிற்று என்று நீ கேட்பாய். ஆய்வில் சேர்ந்தவர்கள் அறுவையிலிருந்து நன்றாகத் தேறியவர்கள், நோய் திரும்பினாலும் புதிய மருந்துகள் கிடைத்தவர்கள். யாரைச் சேர்த்து எண்ணினார்கள் என்று கேட்காமல் எந்த விழுக்காட்டையும் நம்பாதே. அதனால்தான் 85-ஐ எடுத்து 77 இருந்த இடத்தில் நீ வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

போன வாரம் படம் எடுத்து அனுப்பிய ஆக்சிமீட்டரில், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 93 என்று பார்த்துப் பதறினாய். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், கண்ணு. இங்கே காற்றிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கோயம்புத்தூரில் அதே விரலில் 96 காட்டியது. மூச்சைப் பொறுத்தவரை கணித்தது அப்படியே நடந்தது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 19 துண்டங்கள், வலது மேல் மடலில் 3. முன்பு ஒரு விநாடியில் நான் ஊதியது 1.90 லிட்டர், அதில் 19-க்கு 16 பங்கு 1.60 லிட்டர் மிஞ்சும் என்று அறுவைக்கு முன்பே கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். மார்ச்சில் ஊதியபோது 1.62 வந்தது. நிற்காமல் 22 மீட்டர் உயரம் படியேற முடிந்தால் மடலை எடுப்பதைத் தாங்கலாம் என்பது அவர்களுடைய இன்னொரு அளவுகோல். சாலையிலிருந்து நம் வீட்டுக்கு 132 படிகள், ஒவ்வொன்றும் 17 செ.மீ.; பெருக்கிப் பார்த்தால் 22 மீட்டரும் கொஞ்சமும் வரும். வீட்டுக்கு வந்த முதல் நாள் ஐந்து இடத்தில் உட்கார்ந்தேன், கொழுந்து மூட்டையோடு இறங்கி வந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இப்போது கொய்யா மரத்தடியில் ஒரே ஒரு முறை நிற்கிறேன். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த, மூன்று பந்து வைத்த அந்தப் பிளாஸ்டிக் கருவியில் உறிஞ்சினால் மூன்றாவது பந்தும் மேலே போய் நிற்கிறது. அப்பா பக்கத்தில் இருந்து விநாடி எண்ணுகிறார்.

அறுவையைத் தாங்குவேனா என்ற கேள்வி 90 நாள் கடந்ததோடு முடிந்தது. மிஞ்சியிருப்பது நோய் திரும்புமா என்பது. திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் திரும்பும் என்கிறார்கள், அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒரு சி.டி. தாண்டுகிற ஒவ்வொரு ஆண்டுக்கும் கணக்கு மாறும். உனக்குப் புரிய ஒரு உதாரணம், எண் நானே வைத்தது: நூறு பேரில் இரண்டாம் ஆண்டு முடிவில் 80 பேரும் ஐந்தாம் ஆண்டு முடிவில் 56 பேரும் இருந்தால், இரண்டாண்டு தாண்டிய ஒருத்திக்கு வாய்ப்பு நூற்றுக்கு 56 அல்ல, 80-இல் 56, அதாவது நூற்றுக்கு 70.

ஆகவே வேலையை விட்டுவிட்டு வருவதைப் பற்றி. 77 என்று நம்பியே நீ ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். 56 என்று தெரிந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுவாயோ என்ற பயத்தில்தான் நாங்கள் மறைத்தோம். அது தவறு, உன்னை நம்பியிருக்க வேண்டும். கொடுக்காதே. உன்னை ஒரேயடியாகக் கூப்பிடும் நாள் வந்தால், மறைக்காமல் நானே கூப்பிடுவேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதித் தருகிறேன்.

முதல் சி.டி. மே மாதம் மூன்றாம் வாரம், கோயம்புத்தூரில். அந்த ஒரு வாரத்துக்கு விடுப்பு கிடைத்தால் வா. எடுத்த மறுநாள் அறிக்கை கிடைக்கும். அதை நீ வாசி, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். ரயிலில் வந்தால் மேட்டுப்பாளையத்தில் இறங்கு, அப்பா வண்டி வைத்துக்கொண்டு வருவார்.

அன்புடன்,
அம்மா