எண்ண ஆள் இல்லாம ஒரு வருஷம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். ஆண்டறிக்கைன்னா எத்தன கூட்டம், எத்தன தீர்மானம்னு வாசிக்கணும், அதெல்லாம் மினிட்ஸ் நோட்ல இருக்கு, வேணுங்கறவங்க பாத்துக்கலாம். நம்ம அஷ்டாங்க யோகா சங்கத்துல இந்த வருஷம் நடந்த பெரிய விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். டீச்சர் எண்ண எண்ண எல்லாரும் ஒண்ணா செஞ்சிட்டிருந்த லெட் கிளாஸ வாரத்துக்கு ஒரு நாளா சுருக்கிட்டு, மிச்ச நாளெல்லாம் யாரும் எண்ணாம அவங்கவங்க மூச்சுக்கு அவங்கவங்களே செய்யற மைசூர் ஸ்டைலுக்கு மாத்தினோம்.

முதல் மாசம் ஒரே சண்டை. ஏகம், த்வே, த்ரீணின்னு எண்ணக்கூட ஆள் இல்லன்னா நாங்க வீட்லயே பண்ணிக்க மாட்டோமான்னு ஒரு அக்கா கேட்டாங்க, நியாயமான கேள்விதான். ஆனா 1948ல மைசூர்ல அஷ்டாங்க யோகா நிறுவனம் ஆரம்பிச்ச பட்டாபி ஜோய்ஸ் சொல்லிக்கொடுத்த முறையே இதுதான், ஆசன வரிசை எல்லாருக்கும் ஒண்ணு, மூச்சு மட்டும் அவங்கவங்களோடது, ஒரு ஆசனம் பிடிபட்டப்புறம்தான் டீச்சர் அடுத்தத குடுப்பாரு. லெட் கிளாஸ்ல பக்கத்து மேட்ட பாத்தே ஒப்பேத்திடலாம். சூரிய நமஸ்காரம் பி-ல 17 வின்யாசம், அதாவது மூச்சோட சேந்த அசைவு, இருக்கு, இத்தன நாளா அதுல எந்தக் கால் முதல்லன்னு முன்னாடி நிக்கறவர பாத்துதான் நான் வெச்சிட்டிருந்தேன்னு முதல் நாளே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, செயலாளர் மானம் அன்னைக்கே கப்பலேறிடுச்சு.

அடுத்த புகார், "எனக்கு ஏன் இன்னும் அடுத்த ஆசனம் குடுக்கல". இதுல நான் யாருக்கும் சிபாரிசு பண்ண முடியாது, ஏன்னா நானே மரீச்யாசனம் டி-ல மாட்டிக்கிட்டு நிக்கறேன். ஒரு கால அரை பத்மாசனத்துல மடக்கி, இன்னொரு முட்டிய குத்த வெச்சு, உடம்ப திருப்பி முதுகுக்குப் பின்னாடி கைய கோக்கணும், எனக்கு விரல் நுனிகூட இன்னும் பாத்துக்கல. அதோட நிறுத்திட்டு முடிக்கறப்ப செய்யற கடைசி ஆசன வரிசைக்குப் போன்னு டீச்சர் தினமும் சொல்றாரு, முதல்ல ரோஷமா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு. முட்டி வலிச்சா முட்டிய இழுக்காதீங்க, இடுப்பு திறக்கலன்னு அர்த்தம், இத நோட்டீஸ் போர்டுலயே எழுதி ஒட்டியாச்சு.

தோள்பட்டை வலின்னு வந்தவங்கதான் அதிகம். எல்லாம் தண்டால் மாதிரி உடம்ப நேரா வெச்சு கீழ இறக்கற சதுரங்க தண்டாசனத்தால. நாம செய்யற முதல் ஆசன வரிசையான பிரைமரி சீரிஸ்ல வலது பக்கம், இடது பக்கம்னு மாத்தறப்பல்லாம் நடுவுல அது வந்துட்டே இருக்கும், களைச்சுப் போனப்புறம் தோள் முழங்கைக்குக் கீழ இறங்கிடுது. முட்டிய தரையில வெச்சு செய்ங்கன்னா ஆம்பளைங்க யாரும் கேக்கறதில்ல. கேட்டா கௌரவமாம்.

டீச்சர் தொட்டு சரி பண்றதப் பத்தி செயற்குழுவுல ரொம்ப நேரம் பேசினோம். இனிமே கேட்டுட்டுத்தான் தொடணும், வேணாம்னு சொன்னா காரணம் கேக்கக் கூடாது. சிலர் இதெல்லாம் ஓவர்னு சொன்னாங்க, நான் அப்படி நெனைக்கல. குப்புற மடிஞ்சு கெடக்கறவர் முதுகுல முன்னறிவிப்பில்லாம ஒருத்தர் பாரத்த வெச்சா, உக்கார்ற எலும்புகிட்ட தொடை சதை பிடிச்சுக்கிட்டு மாசக்கணக்குல விடாது.

அமாவாசை, பௌர்ணமி லீவு இந்த வருஷமும் விவாதத்துக்கு வந்துச்சு. பட்டாபி ஜோய்ஸ் 1937லேர்ந்து 1973 வரைக்கும் மைசூர் சமஸ்கிருத கல்லூரியில பாடம் எடுத்தவரு, பாடசாலைங்கள்ல அந்த ரெண்டு நாளும் லீவு, அந்தப் பழக்கம்தான் இதுன்னு ஒரு பேச்சு இருக்கு. நிலா ஈர்ப்புன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எதுவா இருந்தாலும் லீவு லீவுதான், ஓட்டெடுப்புல ஒருத்தர்கூட எதிர்க்கல.

சனிக்கிழம ஓய்வும் அப்படியே தொடரும். பதஞ்சலி சொன்ன எட்டு அங்கத்துல ஆசனம் மூணாவதுதான், முதல் ரெண்டான யமம், நியமம்ங்கற ஒழுக்க நெறிங்க பத்தி மாசம் ஒரு வகுப்பு வெச்சோம், வந்தவங்க கம்மி, ஹேண்ட்ஸ்டாண்ட் வகுப்புக்கு மட்டும் எடமே இல்ல. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

பத்மாசனத்துல கைய ஊனி உடம்ப தூக்கி நிக்கற உத்ப்ளுதியில பத்து மூச்ச டீச்சர் வேணும்னே மெதுவா எண்றாருன்னு எழுத்துப்பூர்வமா ஒரு புகார் வந்திருக்கு, அது வாரத்துக்கு ஒரு நாள் லெட் கிளாஸ்ல மட்டும்தான்னு பதில் அனுப்பியாச்சு.

வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு. ஹால்ல மறந்துட்டுப் போன மேட்டுங்க பீரோ மேல இருக்கு, போறப்ப எடுத்துக்கங்க.