டென்ட்டுக்கு எங்கே சீல் வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில், கொடைக்கானல் மேல்மலையில் டென்ட் போடுவதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் அனுமதி இல்லாமல் டென்ட் போடக் கூடாது என்பது இப்போதும் உள்ளதுதானே. அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதைப் பூம்பாறையில் பூண்டு போடுகிற ஒருத்தன் சொன்னால் கொஞ்சம் விளங்கும் என்றுதான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், நானும் இரண்டு சீசன் என் தோட்டத்தை டென்ட்டுக்கு விட்டவன்.

சில வருஷம் முன்னால் வடுகபட்டி சந்தையில் பூண்டு விலை படுத்துக் கிடந்தது. மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019-லேயே வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, நல்ல விஷயம்தான், ஆனால் மூட்டையைச் சுமந்துகொண்டு போய் நிற்கும்போது வியாபாரி குறியீட்டைப் பார்த்து விலை சொல்வதில்லை. அந்த நேரத்தில் கீழேயிருந்து ஒரு பையன் வந்தான். பூண்டு எடுத்துவிட்டுச் சும்மா கிடந்த மேலடுக்கைக் காட்டி, சனி ஞாயிறுக்கு மட்டும் விடுங்கள் அண்ணே, எட்டு டென்ட், வாரம் மூவாயிரம் என்றான். உழவு இல்லை, உரம் இல்லை, மருந்து இல்லை. விட்டேன்.

மார்கழி, தை வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. குளிரில் பிள்ளைகள் எட்டு மணிக்கே டென்ட்டுக்குள் சுருண்டு விடுவார்கள், காலையில் உறைபனி பூத்த புல்லைப் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பி விடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் அழகு என்று போட்டோ எடுக்கிற அதே உறைபனி புல்லைக் கருக்கி விடுகிறது. தை முடிந்து பனி விட்டதும் வெயில் ஏறும், காற்று வரும், மலைச்சரிவு முழுக்கக் காய்ந்த வைக்கோல் போலக் கிடக்கும். போதாதற்கு பைன் மரத்தடியில் முழங்கால் அளவுக்குச் சருகு, லேசில் மக்காது. பக்கத்தில் வாட்டில் என்கிற சீகை மரம், தைலமரம். ஒரு பீடித் துண்டு போதும்.

அந்த மாசி மாதத்துச் சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி இருக்கும், நாய் விடாமல் குரைக்கிறதே என்று வெளியே வந்து பார்த்தால் மேலடுக்கில் வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்காமல் நகர்கிறது. தீ மூட்ட நான் கல் வைத்துக் காட்டிய இடம் காற்றுக்கு எதிராக இருந்ததாம், புகை கண்ணில் அடிக்கிறது என்று தீயையே பைன் ஓரமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், ஈர விறகு பிடிக்கவில்லை என்று பைக்கிலிருந்து பெட்ரோல் வேறு. நானும் என் வீட்டுக்காரியும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் பச்சைத் தழையை ஒடித்து அடித்தோம். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறி வருவதற்குள் எல்லாம் போய்விடும், தழைதான் ஒரே வழி. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நல்லவேளை, காற்று கொஞ்சம் அடங்கியது. அந்தப் பையன்களையும் சொல்ல வேண்டும், ஓடவில்லை, ஸ்வெட்டரைக் கழற்றி அதால் அடித்தார்கள். காலையில் மூஞ்சியெல்லாம் கரியோடு வந்து, அண்ணே, காபி கிடைக்குமா என்று ஒருத்தன் கேட்டான். என்ன சொல்லித் திட்டுவது? தீ மேட்டுப் பக்கமாக ஏறினால் மனுஷன் ஓட்டத்தை விட வேகமாக ஏறும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

எங்களுக்கு அது தெரியும், ஏனென்றால் தேனி மாவட்டத்துக் குரங்கணி எங்களுக்குத் தூரமில்லை. 2018 மார்ச் 11, அதுவும் மாசிதான். மலையேறப் போன 23 பேர் காட்டுத்தீயில் செத்துப் போனார்கள். அங்கேயும் முதலில் பற்றி எரிந்தது இதே காய்ந்த புல்தான்.

அதோடு டென்ட்டை நிறுத்தி விட்டேன். அந்தத் தீ எரிந்த வட்டத்தில் மண் செங்கல் மாதிரி வெந்து சிவந்து கிடந்தது, இரண்டு போகம் அங்கே மட்டும் பூண்டு சரியாக வரவில்லை. போன மாதம் கொத்தும்போது கூட வளைந்த டென்ட் ஆணி ஒன்றும், உருகி மண்ணோடு ஒட்டிய பிளாஸ்டிக் தட்டும் வந்தது. வாரம் மூவாயிரத்தின் கணக்கு அப்படி முடிந்தது.

நான் நிறுத்தியதால் டென்ட் நின்றதா? அந்தப் பையன் இன்னும் மேலே, காட்டு ஓரமாக வேறு இடம் பிடித்துக்கொண்டான். அதிகாரிகள் வந்தால் பத்து நிமிஷத்தில் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய் விடுகிறார்கள், அவர்கள் தலை மறைந்ததும் திரும்ப விரிக்கிறார்கள். லாட்ஜ் என்றால் பூட்டுப் போட்டு சீல் வைக்கலாம், டென்ட்டுக்கு எங்கே சீல் வைப்பது? முன்பு ஊர் நடுவில், நாலு பேர் பார்வையில் இருந்த டென்ட் இப்போது யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போய்விட்டது. அதுவும் இருட்டிய பிறகுதான் ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். எங்கே படுத்திருக்கிறோம் என்பதே வந்தவர்களுக்குத் தெரியாது. ஒருமுறை காட்டு மாட்டுத் தடத்திலேயே (காட்டு மாடு என்பது எங்கள் பேச்சு, நீங்கள் பேப்பரில் காட்டெருமை என்று போடுவீர்கள்) டென்ட் அடித்திருக்கிறார்கள். ராத்திரி அது வந்து பக்கத்தில் நின்று மூச்சு விட, உள்ளே இருந்தவர் செல்போன் வெளிச்சத்தை அதன் கண்ணிலேயே அடித்திருக்கிறார். அது திரும்பிப் போனது அவர் தாய் தகப்பன் செய்த புண்ணியம்.

மலைக்கு வருகிற வண்டிகள் ஆன்லைனில் பதிந்து வாங்குகிற இ-பாஸ் இருக்கிறதே என்பார்கள். 2024 மே 7 முதல் இருக்கிறது, எங்கே தங்குகிறீர்கள் என்றுகூடக் கேட்கிறது. டென்ட்டுக்கு வருகிறவர் ஏதாவது ஒரு லாட்ஜ் பெயரைப் போட்டு விடுகிறார், முடிந்தது. 2025 கோடையில் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். வண்டியை எண்ணுகிறோம் சரி, டிக்கியில் சுருட்டி வைத்திருக்கிற டென்ட்டை யார் எண்ணுவது?

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. மலையேற்றத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் அல்லவா? குரங்கணிக்குப் பிறகு அதே வருஷம் விதிகள் வந்தன, 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு, உள்ளூர்ப் பிள்ளைகளே வழிகாட்டி, தீக்காலத்தில் நிறுத்தம் என்று கொண்டு வந்தார்கள். அதே மாதிரி மேல்மலையில் ஊருக்கு ஓர் இடம் குறிக்கட்டும். காட்டுக்குள் வேண்டாம், காட்டு ஓரமும் வேண்டாம், ஊரை ஒட்டிய புறம்போக்கில். பத்து டென்ட்டுக்கு மேல் கூடாது. தண்ணீரோடு கக்கூஸ் கட்ட வேண்டும், இதை நான் தனியாக அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது அவர்கள் ஒதுங்குகிற ஓடையில்தான் கீழே நாங்கள் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறோம். விறகுத் தீயே கூடாது, கேஸ் அடுப்பு மட்டும். மாசி பிறந்தால் கோடை மழை இரண்டு பெய்கிற வரைக்கும் இழுத்து மூடிவிட வேண்டும். ராத்திரிக் காவலுக்கு ஊர்ப் பையன்கள் இரண்டு பேர், கட்டணம் பஞ்சாயத்துக்கு.

எல்லா இடத்திலும் கொடுக்கச் சொல்லவில்லை. 2013-ல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அதற்குள் ராத்திரி யாருக்கும் வேலை இல்லை, பேரிஜம் ஏரிக்குப் பகலில் அனுமதி வாங்கிப் பார்த்துவிட்டு வருகிற மாதிரியே இருக்கட்டும். கீழ்மலையில் யானை நடமாட்டம் உள்ள பக்கமும் வேண்டவே வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றதே, மறந்திருக்க மாட்டீர்கள்.

ஊரிலேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. டென்ட் வந்தால் பாட்டில் வரும், போதைக் காளான் தேடுகிற கூட்டம் வரும், பெண் பிள்ளைகள் தோட்டத்துக்குப் போக முடியாது என்று என் அண்ணியே சண்டை போடுகிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கூட்டம் இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது, கேட்க ஆள் இல்லாத இடத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

மே 1 கிராம சபையில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். கடிதம் எழுதிய அந்த வாசகர் மேல்மலைப் பக்கம் வந்தால் குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் யாரிடம் கேட்டாலும் என் தோட்டத்தைக் காட்டுவார்கள், வெந்த மண்ணை அவரே பார்க்கலாம். பகலில் வரட்டும், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு பூண்டு விவசாயி,
பூம்பாறை, கொடைக்கானல் மேல்மலை.